பச்சை மண்ணில் பதித்த பெயர்

விருத்தாசலம் என்று சொன்னவுடன் அடியார்களுக்குப் பழமலைநாதர் கோயிலின் கோபுரங்கள் கண்முன் தோன்றும். புகைவண்டியில் செல்வோருக்குப் பல பாதைகள் கூடும் சந்திப்பு நிலையம் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் வாழ்வோருக்கோ இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு செல்வமும் உண்டு. அது பீங்கான். பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும், சூளைகள் கொண்ட தொழிற்பேட்டையும் இவ்வூரில் அமைந்தன. மண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்புறத்தில் மண் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் பொம்மை வெளிவரும். அதனை உலர்த்திச் சூளையில் சுட்டு, மெருகு பூசி, வண்ணம் தீட்டிச் சந்தைக்கு அனுப்புவர்.

அண்மையில் ஒருநாள் என் வீட்டு அலமாரியில் இருந்த அத்தகைய பொம்மை ஒன்றை எடுத்து அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. உருவத்தை வகுத்தவர் பெயர் இல்லை. ஊரின் பெயர்கூட இல்லை. அறுபது வயதைக் கடந்த நான் அந்நாள்வரை அப்பொம்மையைத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்கத் தூண்டியவர் ஒரு தந்தையார்.

அவர் சூளையில் உழைத்து ஓய்ந்தவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். ஒரு மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஐயா, பையன் சென்னையில் பார்த்த சம்பள வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் படம் போட்டுக் கொடுக்கிறேன் என்கிறான். பெண் கேட்கப் போன இடத்தில் எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதுவும் ஒரு தொழில்தானா? நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்" என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அப்பையன் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டில், வாரத்திற்கு ஒருமுறை வந்த ஓவியப் பாடவேளையை நிறுத்திவிட்டு அந்நேரத்தில் கணக்கு நடத்தச் சொன்ன தலைமையாசிரியன் நானே. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அவன் பிற்காலத்தில் எதனால் வாழப்போகிறானோ, அதனைக் கற்க வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே தந்தையார் கேட்ட வினாவிற்கு விடை தேடும் கடமை எனக்கே உரியது என்று எண்ணி, பழைய வரலாறுகளைப் புரட்டலானேன். மாணவர்களுக்கும் அது பயன்படும் என்னும் நம்பிக்கையால் இங்கே கூறுகிறேன்.

ஒருவரிடம் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வேலைதோறும் கூலி பேசிப் பலருக்குப் பணி செய்பவரை ஆங்கிலத்தில் ஃப்ரீலான்ஸர் என்பர். லான்ஸ் என்பது ஈட்டி. எந்த மன்னனுக்கும் நிலையாகக் கட்டுப்படாமல், கூலி தருவோர்க்காகப் போர் செய்த வீரனைக் குறிக்கும் சொல்லாக இதனை வால்ட்டர் ஸ்காட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' என்னும் நவீனத்தில் ஆண்டார். பின்னர் அச்சொல் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் வழங்கலாயிற்று. நாம் அவரைத் தன்னுரிமைத் தொழிலாளர் எனலாம். சொல் புதியது, வாழ்க்கைமுறை பழையது. பீங்கானைக் கொண்டே அதன் வரலாற்றைத் தொடங்கலாம்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் பகுதியில் பர்ஸ்லெம் என்னும் ஊர் உண்டு. அங்குக் குயவர் குடும்பமொன்றில் 1730ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். இளமையில் வந்த அம்மை நோய் அவருடைய வலது முழங்காலைக் கெடுத்துவிட்டது. 1768ஆம் ஆண்டில் அக்காலையே எடுத்துவிட நேர்ந்தது. உடலுழைப்பிற்குத் தடை வந்தபோது அவர் மண்ணின் இயல்பையும், மெருகின் சேர்க்கையையும், உருவத்தின் அழகையும் ஆராய்வதில் கருத்தைச் செலுத்தினார். முதலில் தமையனாரிடம் பயின்றார். பின்னர் தாமஸ் வீல்டன் என்னும் தேர்ந்த குயவருடன் கூட்டாகத் தொழில் செய்தார். 1759ஆம் ஆண்டில்தான் தனியே தொழில் தொடங்கினார்.

நல்ல கலம் செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1765ஆம் ஆண்டில் சார்லட் அரசியாருக்குத் தேநீர்க் கலங்கள் செய்து கொடுத்தார். மறு ஆண்டிலேயே அரசியாரின் குயவர் என்னும் சிறப்பைப் பெற்று, தம் கலங்களுக்கு 'அரசியார் கலம்' என்று பெயர் சூட்டினார். இலண்டனில் காட்சிக்கூடம் அமைத்தார். 1770களில் பொருள்களின் பட்டியலை அச்சிட்டு வழங்கினார். ருஷ்ய நாட்டுக் காதரின் பேரரசியாருக்கு 1774ஆம் ஆண்டில் முடித்துக்கொடுத்த தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கலங்களை, அனுப்புமுன் இலண்டன் மக்கள் பார்க்கும்படி காட்சிக்கு வைத்தார். விளம்பரக் கலை என்று இன்று கல்லூரிகளில் கற்பிப்பவற்றுள் பல, அன்று ஒரு குயவரின் நடைமுறையாக இருந்தன.

அவர் செய்தவற்றுள் தலையாயது மற்றொன்று. தம் பெயரை எழுத்துப் பொறித்த அச்சினால் கலத்தின் அடியில் அழுத்திப் பதித்தார். எப்போது பதித்தார்? மண் பச்சையாக இருக்கும்போதே பதித்தார். பச்சை மண்ணில் பதித்த எழுத்து, சூளையில் வெந்து கல்லாகி, கலம் உடையும்வரை அழியாது. சுட்ட பிறகு மேலே எழுதும் எழுத்து, நாளடைவில் தேய்ந்துபோகக்கூடும்.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடு உண்டு. வெட்ஜ்வுட்டின் ஆலையில் வில்லியம் ஹேக்வுட் என்னும் உருவச் சிற்பி இருந்தார். சிறுவனாக 1769ஆம் ஆண்டில் சேர்ந்து 1832ஆம் ஆண்டுவரை அங்கேயே உழைத்தவர். அவர் ஒரு பெரியவரின் முகவுருவைச் செய்து, அதில் தம் பெயரையும் பொறித்துவிட்டார். வெட்ஜ்வுட்டிற்கு அது பிடிக்கவில்லை. தம் பெயரும் தம் கூட்டாளி பென்ட்லியின் பெயரும் அன்றி வேறொரு பெயர் தம் பொருளில் வேண்டா என்று 1777ஆம் ஆண்டில் கருத்துத் தெரிவித்தார். பெயரின் விலையை நன்கு அறிந்த அவரே, தம் சிற்பிக்கு அப்பெயரைத் தர விரும்பவில்லை.

அக்காலத்திலேயே அவருக்கு உருவங்கள் வகுத்துக் கொடுத்த மற்றொருவர் ஜான் ஃப்ளாக்ஸ்மன். இவர் ஆலைத் தொழிலாளி அல்லர். தந்தையார் இலண்டனில் சுண்ணச் சிற்பங்கள் வார்த்து விற்றவர். மகன் 1775ஆம் ஆண்டு முதல் வெட்ஜ்வுட்டிற்கு உருவங்கள் செய்து கொடுத்து, வேலைக்கேற்பக் கணக்கு எழுதிப் பணம் பெற்றார். பிறர் வேலைகளையும் ஏற்றார். 1787ஆம் ஆண்டில் ரோமாபுரிக்குச் சென்று சிற்பக்கலையை மேலும் பயின்றார். 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச கலைக்கழகத்தில் சிற்பப் பேராசிரியர் ஆனார். ஹேக்வுட்டின் திறமையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கம் அன்று. அறுபத்துமூன்று ஆண்டுகள் அவருக்கு ஊதியமும் பாதுகாப்பும் கிடைத்தன. அவையும் வாழ்க்கைக்கு வேண்டியவையே. ஆனால் இன்று ஃப்ளாக்ஸ்மனைக் கலை வரலாறு கற்போர் அனைவரும் அறிவர். ஹேக்வுட்டைப் பீங்கான் ஆராய்வோர் மட்டுமே அறிவர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம்மவருள் ஓவியத்தை அச்சின் வழியே வீடுதோறும் கொண்டு சேர்த்த முன்னோடி இரவிவர்மா. அரண்மனைகளுக்கும் செல்வர்களுக்கும் எண்ணெய் வண்ண ஓவியம் வரைந்து கொடுத்த அவர், 1894ஆம் ஆண்டில் பம்பாயில் தம் பெயரால் அச்சுக்கூடம் நிறுவினார். தெய்வ உருவங்களும் புராணக் காட்சிகளும் எளியோர் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. ஆனால் அச்சுக்கூடத்தை நடத்துவது கடினமாயிற்று. பின்னர் அதனை ஜெர்மானியத் தொழில் வல்லுநர் ஒருவருக்கு விற்றுவிட்டார். படங்கள் தொடர்ந்து அச்சாயின. வணிகப் பொருள்களின் விளம்பரங்களிலும் ஏறின. வரையத் தெரிவது ஒரு கலை. அதனை விற்கத் தெரிவது வேறொரு கலை என்பதற்கு இரவிவர்மாவின் அச்சுக்கூடமே சான்று.

தமிழ்நாட்டில் இவ்விரு கலைகளும் கூடிய இடம் சிவகாசி. 1922ஆம் ஆண்டில் அவ்வூரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்டப் படம் வேண்டும். படத்திற்கு அச்சு வேண்டும். அச்சுத்தொழில் வளர்ந்தவுடன் நாட்காட்டிப் படங்களும் அங்கே அச்சாயின. அப்படங்களை வரைந்தோருள் புகழ் பெற்றவர் சி. கொண்டையராஜு.

1898ஆம் ஆண்டில் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் குழுவொன்றில் சேர்ந்து திரைச்சீலைகள் எழுதினார். அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. ஓவியரோ அவ்வூரிலேயே தங்கிவிட்டார். வேலை போன இடமே அவருக்குத் தொழில் தொடங்கும் இடமாயிற்று. அவரைச் சூழ இளைஞர்கள் கூடினர். சிவகாசி அச்சகத்தார் அவரை நாடினர். முருகனும் மீனாட்சியும் இலக்குமியும் அவர் தூரிகையிலிருந்து புறப்பட்டு, கீழே துணிக்கடையின் பெயரும் மளிகைக்கடையின் பெயரும் தாங்கித் தமிழர் இல்லங்களில் தொங்கினர். 1976ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கொண்டையராஜுவின் படங்களுள் சிலவற்றின் அடியில் இரண்டு பெயர்களைக் காணலாம். ஒன்று ஆசிரியருடையது, மற்றொன்று டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் போன்ற மாணவருடையது. வெட்ஜ்வுட் தம் சிற்பிக்கு மறுத்ததை, கோவில்பட்டி ஆசிரியர் தம் மாணவர்க்கு மனமுவந்து அளித்தார். அதனால் அவருடைய பெயர் சிறிதும் குறையவில்லை. மாணவர்களோ தம் பெயரைத் தாங்கிய படங்களைக் காட்டித் தனியே தொழில் நடத்தும் தகுதி பெற்றனர்.

வரைவோரைப் பற்றிக் கூறினேன். விற்போரைப் பற்றியும் கூற வேண்டும். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்தவர் எஸ். எஸ். வாசன். கல்லூரிப் படிப்பை முடிக்காமலே பிழைப்பிற்கு வழி தேடினார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்துத் தரகு பெற்றார். அஞ்சல் வழியே பொருள்களை விற்றார். அலுவலகமும் மாதச் சம்பளமும் இல்லாத வாழ்க்கை அது. பூதூர் வைத்தியநாதையர் 1926ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஆனந்தவிகடன்' நடத்த முடியாத நிலைக்கு வந்தபோது, வாசன் 1928ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கினார். எழுத்து ஒன்றிற்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்திற்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பர். அவர் வாங்கியது ஒரு பெயரை! அச்சுப்பொறியையோ கட்டடத்தையோ அவர் விலை பேசவில்லை. விளம்பரத் தொழிலில் தெருத்தெருவாக அலைந்தவருக்கு ஒரு பெயரின் மதிப்புத் தெரிந்திருந்தது. 1948ஆம் ஆண்டில் அவர் எடுத்த 'சந்திரலேகா'வை இந்தியிலும் வெளியிட்டு, நாடெங்கும் விளம்பரம் செய்து வென்றதற்கும் அந்தப் பயிற்சியே அடிப்படை.

அவ்விகடனில் 1945ஆம் ஆண்டில் ஓவியராகச் சேர்ந்தவர் கோபுலு. தஞ்சையில் 1924ஆம் ஆண்டில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். இயற்பெயர் கோபாலன், 'கோபுலு' என்பது மூத்த ஓவியர் மாலி அவருக்கு இட்ட பெயர். 'தில்லானா மோகனாம்பாள்' முதலிய தொடர்கதைகளின் மாந்தர்களைத் தமிழர் கண்டது அவர் கோடுகளின் வழியே. புகழின் உச்சியில் இருந்த அவர் 1963ஆம் ஆண்டில் விகடனை விட்டு விலகி, விளம்பர நிறுவனம் ஒன்றில் பணி ஏற்றார். அத்துறையின் நுட்பங்களைக் கற்ற பின்னரே, 1972ஆம் ஆண்டில் 'அட்வேவ்' என்னும் சொந்த விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பிற்காலத்தில் நோயினால் வலக்கை செயலிழந்தபோது, இடக்கையால் வரையப் பழகினார். 2015ஆம் ஆண்டில் தொண்ணூறு வயது நிறைந்து மறைந்தார்.

இவர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருவரும் முதல் நாளிலேயே தனித்து நிற்கவில்லை. வெட்ஜ்வுட் பதினைந்து ஆண்டுகள் பிறரிடம் பயின்றும் பிறருடன் உழைத்தும் தேர்ந்தார். கொண்டையராஜு நாடக மேடைக்கு எழுதினார். வாசன் பிறர் பத்திரிகைக்கு விளம்பரம் தேடினார். கோபுலு பதினெட்டு ஆண்டுகள் ஓர் இதழிலும், பின் ஒன்பது ஆண்டுகள் விளம்பரத் துறையிலும் உழைத்தார். தொழிலைக் கற்றனர், வாங்குவோர் மனத்தை அறிந்தனர், பெயரைத் தேடினர். அதன்பின் கட்டை அவிழ்த்துக்கொண்டனர். ஆகவே சம்பள வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த நம் இளைஞன், வழி தவறியவன் அல்லன். முன்னோர் சென்ற வழியிலேயே செல்கிறான்.

இதனைத் தந்தையாரிடம் கூறச் சென்றபோதுதான், அவ்விளைஞன் தனக்கு நேர்ந்த இழப்பைச் சொன்னான். வணிகர் ஒருவர் ஒரு பொருளின் பெட்டிக்கு மட்டும் என்று கூறி, முத்திரைப் படம் ஒன்று வரைந்து வாங்கினார். பேசிய தொகையில் பாதியே கொடுத்தார். சில மாதங்களில் அப்படம் அவருடைய எல்லாப் பொருள்களின் மேலும் ஏறிவிட்டது. கேட்டதற்கு, "எங்கே எழுதியிருக்கிறது?" என்றாராம். எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் அவனுக்கு விடுப்புக் கடிதமும் விண்ணப்பமும் எழுதக் கற்பித்தேன். ஓர் உடன்படிக்கை எழுதக் கற்பிக்கவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் போக்கில் ஆக்கியது, மாறான உடன்படிக்கை இல்லாவிடில், முதலாளிக்கே உரியது. ஒருவர் கேட்டுக்கொண்டு விலை கொடுத்து வரையச் செய்த ஓவியத்திற்கும், அவ்வாறே கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிறார். ஓவியர் தமக்குரிய உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின், அம்மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பமும் வேண்டும். எத்தனை காலத்திற்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்திற்கு என்று குறிக்காவிட்டால் இந்தியா முழுதும் என்றும் கொள்ளப்படும். உரிமையை விற்றுவிட்ட பின்னும், 'இதனை ஆக்கியவன் நான்' என்று சொல்லும் உரிமை மட்டும் ஆக்கியோனை விட்டு நீங்குவதில்லை. ஹேக்வுட்டிற்கு இத்தகைய பாதுகாப்பு அன்று கிட்டவில்லை. மேலும், 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்ட சிறு தொழிலருக்கு, வேலையைப் பெற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். இத்தனை பாதுகாப்பும் எழுதத் தெரிந்தவனுக்கே முழுமையாகப் பயன்படும்.

"பெரியவர்களிடம் எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களே" என்று அவ்விளைஞன் தயங்கினான். அதற்கு விடையாக எங்கள் ஊர்க் கதையையே நினைவூட்டினேன். சுந்தரர் இத்தலத்தில் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அருள் கிடைத்தது. ஆற்றில் இடுமுன் சுந்தரர் என்ன செய்தார்? அப்பொன்னில் சிறிது மச்சம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். மச்சம் என்பது பொன்னின் மாற்றைப் பின்னர் ஒப்பிட்டு அறிவதற்கான சிறு துண்டு. கொடுத்தவர் கடவுள், பெற்றவர் கடவுளின் தோழர். அங்கேயே மச்சம் தேவைப்பட்டது என்றால், கடைத்தெருவில் அது தேவைப்படாதா? எழுதி வைத்துக்கொள்வது நட்பிற்குப் பகை ஆகாது. பின்னால் ஐயம் எழாமல் நட்பைக் காப்பது அதுவே.

சென்ற வாரம் அவன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். பீங்கான் பொம்மை செய்யும் ஒருவருக்குப் பெட்டியும் பட்டியலும் வகுத்துக் கொடுக்க அவன் எழுதிய உடன்படிக்கை அது. என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு கூலி, எந்நாளில் பணம், படத்தை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று ஐந்து பத்திகள். நான் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். ஆறாவதாகவும் ஒன்று இருந்தது. பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் அவன் பெயரும், பொம்மையின் அடியில் செய்தவர் பெயரும் ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது அது. பொம்மைக்காரர் இசைவாரா என்பது இனித்தான் தெரியும். தந்தையார் அத்தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி இருமுறை படித்தார். பிறகு, "சுடுவதற்கு முன்னால் பதிக்கச் சொல்லு, பிறகு பதியாது" என்று மட்டும் மகனிடம் கூறினார்.

மாணவர்களே, வரைகலையாகட்டும், எழுத்தாகட்டும், நீங்கள் எத்தொழிலைத் தன்னுரிமையோடு நடத்த விரும்பினாலும், முதலில் ஒருவரிடம் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். வாங்குவோரின் தேவையை அறிந்துகொள்ளுங்கள். வேலையைத் தொடங்குமுன், மண் பச்சையாக இருக்கும்போதே, உங்கள் பெயரையும் உரிமையையும் பதித்துவிடுங்கள். உங்களோடு உழைப்பவரின் பெயருக்கும் அருகில் இடம் விடுங்கள்.